முதல் சம்மட்டி அடிக்கு முன்னால்: பழைய வீட்டைப் பாதுகாப்பாக இடிக்கத் திட்டமிடுவது எப்படி?

தாத்தா காலத்து வீடு. மழை வந்தால் ஒழுகுகிறது, சுவரில் காரை உதிர்கிறது. "இடிச்சிட்டுப் புதுசா கட்டிடலாம்" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. புது வீட்டுக்கு இன்ஜினீயரைப் பார்த்து பிளான் போட்டாச்சு. பேங்க் லோன் பேசியாச்சு. பழைய வீட்டை இடிப்பதற்கு என்ன திட்டம்? "அதுக்கு ஒரு ஆள் இருக்காரு, அஞ்சு நாள்ல தரைமட்டம் ஆக்கிடுவாரு." பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க. கட்டுவதற்குப் பத்து முறை யோசிக்கும் நாம், இடிப்பதற்கு ஒருமுறை கூட உட்கார்ந்து யோசிப்பதில்லை. இடிக்கும் வேலையில் ஆபத்து குறைவு என்பதால் அல்ல. யாராலும் செய்ய முடிந்த வேலை என்று நினைப்பதால்.

2023 ஜனவரியில் சென்னை அண்ணா சாலையில் பழைய கட்டிடம் ஒன்றை இயந்திரம் வைத்து இடித்துக்கொண்டிருந்தபோது சுவர் நடைபாதைப் பக்கம் சரிந்தது. அந்த வழியாக நடந்துபோன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கட்டிடத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்தார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டை இடிக்கும் நாளில் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தூங்கிக்கொண்டிருப்பார். உள்ளே வேலை செய்பவர்கள் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டியவர்கள். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாடம்.

விலை போகும் பொருள்தான் தாங்கும் பொருள்

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம்ம ஊரில் பழைய வீடு இடிக்கும் ஒப்பந்தம் எப்படி நடக்கிறது? தேக்கு உத்திரம், கதவு, நிலை, ஜன்னல், இரும்புக் கம்பி, முழுச் செங்கல் எல்லாவற்றுக்கும் பழைய சாமான் சந்தையில் விலை உண்டு. அதனால் இடிக்க வருபவர் அந்தப் பொருட்களை எடுத்துக்கொண்டு, கூலியைக் குறைத்துக்கொள்வார். சில இடங்களில் அவரே நமக்குப் பணம் கொடுப்பதும் உண்டு.

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆபத்து எங்கே வருகிறது என்றால், வந்த முதல் நாளே காசாகும் பொருளைக் கழற்றும் அவசரத்தில். ஏனென்றால் வீட்டில் விலை போகும் பொருள்தான் பெரும்பாலும் வீட்டைத் தாங்கி நிற்கும் பொருளும்.

தேக்கு உத்திரம் மேலே உள்ள தளத்தைத் தாங்குகிறது. கூடவே இரண்டு பக்கச் சுவர்களையும் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கிறது. பழைய வீடுகளில் பல வாசல்களுக்கு மேலே கான்கிரீட் லிண்டல் இருக்காது. கதவு நிலையே மேல்சுவரின் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அந்த நிலையைப் பெயர்த்தால் மேல்சுவர் தலையில் இறங்கும். உத்திரத்தை உருவினால் சுவர் தனியாக நிற்கும். தனியாக நிற்கும் உயரமான சுவருக்கு ஒரு பலத்த காற்றோ, பக்கத்தில் போகும் லாரியின் அதிர்வோ போதும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2013 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், இடித்துக்கொண்டிருந்த நான்கு மாடிக் கட்டிடத்தின் சுவர் பக்கத்திலிருந்த ஒரு மாடிக் கடைமேல் விழுந்தது. கடை திறந்திருந்தது, உள்ளே ஆட்கள் இருந்தார்கள். 7 பேர் உயிரிழந்தனர். விற்கக்கூடிய மர உத்திரங்களை முதலில் எடுத்துவிட்டு, சுவரைப் பிடிமானம் இல்லாமல் நிற்க விட்டதாக வழக்கில் குற்றம் சாட்டப்பட்டது. இடிப்பு ஒப்பந்ததாரருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆகவே இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது.

படி 1: வீட்டைப் படியுங்கள்

இடிப்புப் பணிக்கென்றே ஐ.எஸ். 4130 என்ற இந்தியப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. அது முதலில் கேட்பதே, கட்டிடத்தையும் அக்கம்பக்கக் கட்டிடங்களையும் ஆய்வு செய்யச் சொல்லித்தான். புது வீட்டுக்கு பிளான் போட்ட இன்ஜினீயரையே ஒருநாள் அழைத்து, இந்த ஆய்வைச் செய்து, இடிக்கும் வரிசையை எழுதித் தரச் சொல்லுங்கள். பிளான் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

அவர் பார்க்கும்போது நீங்களும் கூடவே நடந்து இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

• இது சுவர் தாங்கும் வீடா, பில்லர் தாங்கும் வீடா? பழைய வீடுகளில் 9 அங்குலமோ அதற்கு மேலோ தடிமன் உள்ள சுவர்களே தளத்தைத் தாங்கும். அங்கே ஒரு சுவரை எடுத்தால் மேலே உள்ளதும் கூடவே வரும். பில்லர், பீம் உள்ள வீட்டில் நடுச்சுவர் பல நேரம் மறைப்பு மட்டுமே. வெளியிலிருந்து பார்த்து இதை ஊகிக்காதீங்க. நாலரை அங்குலச் சுவர்கூட ஒரு லாஃப்ட்டையோ மாடிப்படியையோ தாங்கிக்கொண்டிருக்கலாம்.

• தளம் என்ன வகை? மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைச் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். அந்த முனைதான் ஈரம் பட்டு முதலில் உளுத்துப்போகும். கீழேயிருந்து பார்க்கக் கட்டை நன்றாகவே தெரியும். அந்தத் தளத்தின் மேல் ஐந்தாறு பேர் ஏறி நின்று அடிப்பது உயிரோடு விளையாடுவது.

• பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உண்டா? வரிசை வீடுகளில் இது சாதாரணம். உங்கள் உத்திரம் நுழையும் அதே சுவரில் அந்தப் பக்கம் அவர்களுடைய உத்திரமும் உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவர் உங்களுடையது மட்டும் அல்ல.

• தரைக்குக் கீழே என்ன இருக்கிறது? செப்டிக் டேங்க், சம்ப், மூடிய பழைய கிணறு. இவற்றின் மேல் பொக்லைன் ஏறினால் மூடி உடைந்து வண்டியே உள்ளே இறங்கும். இடங்களைக் குறித்து, கயிறு கட்டி, அந்தப் பக்கம் வண்டி போகாதபடி செய்யுங்கள். செப்டிக் டேங்கில் விஷவாயு இருக்கும். அதற்குள் யாரையும் இறக்கக் கூடாது.

படி 2: எடையைக் கணக்குப் போடுங்கள்

"ஒரு சுவர்தானே" என்று சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

10 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குலத் தடிமன் உள்ள செங்கல் சுவரின் எடை சுமார் 4 டன். 10-க்கு 10 அறையின் 5 அங்குலக் கான்கிரீட் தளம் சுமார் 3 டன். மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் தண்ணீர் மட்டுமே 1 டன்.

இன்னொரு கணக்கு, பலரும் கவனிக்காதது. குடியிருப்பு வீட்டின் தளம், ஆட்கள், மேஜை, கட்டில் போன்றவற்றுக்காகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று கணக்கிட்டு வடிவமைக்கப்படுகிறது. 10-க்கு 10 அறைக்கு அது 2 டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. அதே அறையில் இடிபாடு ஒரு அடி உயரத்துக்குக் குவிந்தால் சுமார் மூன்றரை டன் வரும். அதாவது முதல் மாடியில் இடித்ததை "நாளைக்கு அள்ளிக்கலாம்" என்று விட்டால், அந்தத் தளம் சுமக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு சுமக்கிறது. அதுவும் ஐம்பது வருஷத்துப் பழைய தளம்.

அன்றன்றைய இடிபாட்டை அன்றன்றே கீழே இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

படி 3: இணைப்புகளைத் துண்டியுங்கள்

மெயின் ஸ்விட்சை அணைப்பது துண்டிப்பு ஆகாது. கம்பத்திலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கம்பத்திலேயே இணைப்பை எடுக்கச் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் மின்னகம் எண் 94987 94987-இல் கேட்கலாம். வீட்டுக்கு மேலேயோ ஓரமாகவோ மின்கம்பி போனால், பொக்லைன் வருவதற்கு முன்பே அதையும் சொல்லிவிடுங்கள். வேலைக்கு மின்சாரம் தேவைப்பட்டால் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். பழைய வயரிங்கில் கொக்கி போடாதீங்க.

குடிநீர், கழிவுநீர்க் குழாய்களை முறையாக அடைக்கச் சொல்லுங்கள். சிலிண்டரை வெளியே எடுங்கள். டேங்கைக் காலி செய்யுங்கள்.

அஸ்திவாரத்தையும் தோண்டி எடுப்பதாக இருந்தால், தெரு ஓரத்தில் கேபிள், குழாய் இருக்கக்கூடும். இதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை அறிமுகப்படுத்தியது. தோண்டப்போகும் இடத்தைத் தெரிவித்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். உங்கள் ஒப்பந்ததாரரிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

படி 4: அனுமதியும் அக்கம்பக்கமும்

இடிக்கும் தேதியை முடிவு செய்யும் முன்பே உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில், என்ன அனுமதி வேண்டும், இடிபாட்டை எங்கே கொட்ட வேண்டும் என்று கேளுங்கள். சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் கட்டிடக் கழிவைப் பதப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. ஏரிக்கரையிலும் காலி மனையிலும் கொட்டினால் லாரிக்காரர் போய்விடுவார், அபராதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

அடுத்து, கையிலிருக்கும் போனை எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் வீட்டுச் சுவர்களை, முக்கியமாக ஏற்கெனவே உள்ள விரிசல்களை, அவர் முன்னாலேயே வீடியோ எடுத்து அவருக்கும் அனுப்பி வையுங்கள். பெரிய விரிசலின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தால் அகலம் தெரியும். இது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. வேலை நடக்கும்போது விரிசல் அகலமானால் உடனே தெரியும். ஆகவில்லை என்றால் பின்னால் வீண் சண்டை இல்லை.

சுவர் இடிக்கும் நாட்களில் ஒட்டியிருக்கும் அறையில் யாரும் தூங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணே, செவ்வாய், புதன் ரெண்டு நாள் அந்த ரூம்ல பாட்டிய படுக்க வைக்க வேணாம்" என்று சொல்வதற்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

படி 5: யாரும் வரக்கூடாத எல்லை

ஒரு சுவர் மரம் போல முழுசாகச் சாய்ந்தால், அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வந்து விழும். செங்கல் அதையும் தாண்டிச் சிதறும். 20 அடிச் சுவருக்கு 20 அடி தள்ளிக் கயிறு கட்டினால் போதாது, இன்னும் கொஞ்சம் தள்ளியே கட்ட வேண்டும்.

"தெருவே 12 அடிதானே சார்?" என்பீர்கள். சரியான கேள்வி. அப்படியானால் அந்தச் சுவரை இயந்திரம் கொண்டு தள்ளக் கூடாது என்பதுதான் பதில். சாரம் கட்டி, மேலிருந்து வரி வரியாகக் கையால் பெயர்த்து, உள்பக்கமாகவே இறக்க வேண்டும். தெருப் பக்கம் தகரத் தடுப்பும் வலையும் வேண்டும். பச்சை வலை தூசியையும் சிறு கல்லையும்தான் தடுக்கும். சரியும் சுவரை எந்த வலையும் தாங்காது.

தெருவின் இரு முனையிலும் ஒரு ஆள், எச்சரிக்கைப் பலகை, இரவில் சிவப்பு விளக்கு. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் தெருப் பக்க வேலையை நிறுத்துங்கள்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து 61 பேர் உயிரிழந்தது நினைவிருக்கும். அதன் பக்கத்திலிருந்த இன்னொரு கட்டிடம் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அது விழுந்தது சில விநாடிகளில். ஆனால் அதற்கு முன் சுற்றியிருந்தவர்களை வெளியேற்றி, சாலைகளை மூடி, எல்லோரும் விலகிய பிறகே பொத்தானை அழுத்தினார்கள். உங்கள் வீட்டுக்கும் விதி அதேதான், அளவுதான் சிறிது.

படி 6: கட்டிய வரிசைக்குத் தலைகீழ்

கடைசியாகக் கட்டியது முதலில் இறங்க வேண்டும். பொதுவான வரிசை இது:

1. கண்ணாடி, கதவுப் பலகை, ஃபேன், ஏ.சி. போன்ற, எதையும் தாங்காத பொருட்கள்.
2. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்ற வேண்டும். அதன் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். மூக்கில் துண்டு கட்டுவது போதாது, சரியான முகக்கவசம் வேண்டும்.
3. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், உள்பக்கமாக.
4. மேல் தளம். அதற்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது.
5. மேல்மாடிச் சுவர்கள், மேலிருந்து கீழாக. கதவு நிலைக்கு மேலுள்ள சுவர் இறங்கிய பிறகே நிலை வெளியே வர வேண்டும்.
6. அடுத்த தளம், அடுத்த சுவர்கள், இதே போல. பில்லர் வீட்டில் தளம், சிறிய பீம், பெரிய பீம், கடைசியாக பில்லர்.

சுவரின் அடிப்பகுதியை அரித்துவிட்டு மேலே தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. "ஒரே தள்ளு, வேலை முடிஞ்சிடும்" என்பார்கள். எந்தப் பக்கம் விழும் என்பதை அந்தச் சுவர்தான் முடிவு செய்யும், நீங்கள் அல்ல.

சன்ஷேட் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட், அதன் பின்பக்கத்தின் மேல் உள்ள சுவரின் பாரத்தால்தான் கவிழாமல் நிற்கிறது. மேல்சுவரை எடுக்க எடுக்க, பிடித்திருந்த கை தளர்கிறது. அந்த நேரத்தில் வேலையாள் அதே சன்ஷேட்டின் மேல் நின்றால் இரண்டும் சேர்ந்து கீழே வரும். முதலில் அடியில் முட்டு கொடுக்க வேண்டும். சன்ஷேட் மேல் யாரும் நிற்கக் கூடாது.

பாதி வீட்டை மட்டும் இடிப்பவர்களுக்கு

"ஹாலையும் ரூமையும் ஒண்ணாக்கிடலாம்", "முன்பக்கம் கடை வைக்கலாம்" என்று ஒரு சுவரை மட்டும் எடுப்பவர்கள் அதிகம். முழு வீட்டை இடிப்பதைவிட இதில் ஒரு விதத்தில் ஆபத்து கூடுதல். ஏனென்றால் மிச்ச வீடு நிற்க வேண்டும், அதற்குள் ஆட்களும் குடியிருப்பார்கள்.

சுவரை எடுக்குமுன் அதன் இரண்டு பக்கமும் ஜாக்கி முட்டு கொடுத்து, தளத்தின் பாரத்தை அதில் ஏற்ற வேண்டும். மாடியில் சுவர் எடுக்கிறீர்கள் என்றால் முட்டு கீழ்த்தளத்திலும் அதே இடத்துக்கு நேராகத் தரைவரை தொடர வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் நடுத்தளத்தில் உட்காரும். சுவருக்குப் பதிலாக வரும் பீமின் அளவை இன்ஜினீயர் சொல்ல வேண்டும். பீம் போட்டு அது பலம் பெறும் வரை முட்டைத் தொடாதீங்க. அந்த நாட்களில் குடும்பம் வேறு வீட்டில் தங்கட்டும்.

வேலையை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

புது விரிசல். பழைய விரிசல் அகலமாவது. எங்கிருந்தோ காரையும் மண்ணும் தொடர்ந்து உதிர்வது. மரம் முனகும் சத்தம். நேற்று எளிதாகத் திறந்த கதவு இன்று இறுகுவது. முட்டு வளைவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் எல்லோரும் வெளியே வந்துவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். இரவில் நல்ல மழை பெய்திருந்தால், நனைந்த சுண்ணாம்புச் சுவரைக் காலையில் பார்த்து உறுதி செய்யாமல் யாரும் உள்ளே போக வேண்டாம். முடிந்தால் வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்த்தே தேதி குறியுங்கள்.

தினமும் காலையில் யார் யார் உள்ளே போனார்கள் என்ற பட்டியல் போனில் இருக்கட்டும். விபத்து நடந்தால் "உள்ளே எத்தனை பேர்?" என்பதுதான் தீயணைப்பு வீரர்கள் கேட்கும் முதல் கேள்வி. தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112. பதற்றத்தில் எல்லோரும் இடிபாட்டுக்குள் ஓடாதீர்கள்; இரண்டாவது சரிவு காப்பாற்றப் போனவர்கள் மேல் விழலாம்.

ஒப்பந்தம் பேசும்போது கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்தப் பொருளை எந்த வரிசையில் கழற்றுவீர்கள்? எழுதிக் கொடுங்கள்.
2. தெருப் பக்கச் சுவரை எப்படி இறக்குவீர்கள், கையாலா இயந்திரத்தாலா?
3. ஹெல்மெட், பூட்ஸ், கயிறு, முகக்கவசம் எத்தனை பேருக்கு இருக்கிறது?
4. தொழிலாளர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா? சட்டப்படி கட்டுமானப் பணி என்பதில் இடிப்பதும் அடங்கும். பதிவு இல்லாதவர்கள் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.
5. வேலை நேரம் முழுவதும் பொறுப்பாக நிற்கப்போகும் மேஸ்திரி யார்?

முதல் கேள்விக்கு "அதெல்லாம் பழக்கம் சார், பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அவசரப்படுத்தாமல் இருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அஞ்சு நாள் என்றவர் பத்து நாள் கேட்டால், அந்த ஐந்து நாள் எதற்கு என்று கேளுங்கள். சாரம் கட்டவும், கையால் இறக்கவும், இடிபாட்டை அன்றன்றே அள்ளவும் என்றால் தாராளமாகக் கொடுங்கள். பூமி பூஜை அடுத்த முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம்.